ஏற்கப்படாத புத்தகமும் நிலைத்துநின்ற வார்த்தையும்



1882ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11ஆம் நாள் நமது ஏற்காட்டில் ஒரு முதியவர் கண்மூடினார். இன்னும் 13 நாட்கள் ஜீவித்திருந்தால் அவருக்கு 79 வயது நிறைவடைந்திருக்கும். அவர் பெயர் பீட்டர் பெர்சிவல். தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் அவரைப் 'பார்சிவல் பாதிரியார்' என்று குறிப்பிடும். காப்பித் தோட்டங்களின் வழியாகத் தலைச்சோலைக்கும் நாகலூருக்கும் நடந்து செல்லும் நம்மில் பலர், நம் மலையில் மரித்த இந்த மனிதரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வேதத்தைத் திறந்து வாசிக்கும்போது, அவர் பாடுபட்ட ஒரு வேலையின் கனியை நாம் நாவினால் உச்சரிக்கிறோம். அது என்னவென்பதைச் சொல்லுமுன், அவர் எப்படி இந்த மலைக்கு வந்து சேர்ந்தார் என்பதைச் சிந்திப்போம்.

இளைஞனாகப் புறப்பட்டவர்

இங்கிலாந்தில் 1803ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் பிறந்த பெர்சிவல், 1826இல் வெஸ்லியன் மெதடிஸ்து சங்கத்தின் மிஷனெரியாக யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார். சுயஸ் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே அந்நாளில் கீழ்த்திசை நோக்கிப் புறப்படுகிறவர்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பாய்மரக் கப்பலில் மாதக்கணக்காகப் பயணம் செய்யவேண்டும். அந்தப் பயணமே சிலருடைய உயிரைக் கொண்டுபோயிற்று. இலங்கைக்கு முதல் மெதடிஸ்து மிஷனெரிமாரை அழைத்துக்கொண்டு புறப்பட்ட தாமஸ் கோக், 1814இல் கரையைக் காணாமலே கப்பலில் மரித்தார். அவரோடு வந்த இளைஞர்கள் தலைவரை இழந்தவர்களாகக் காலித் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்களில் ஜேம்ஸ் லிஞ்சும் தாமஸ் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்குச் சென்று ஊழியத்தைத் தொடங்கினார்கள். 12 ஆண்டுகள் கழித்து அந்த ஊழியத்துக்குள் பிரவேசித்தவரே நம் பெர்சிவல்.

அவர் வந்து சேர்ந்த யாழ்ப்பாணம் கல்வியில்லாத நாடாக இருக்கவில்லை. திண்ணைப் பள்ளிகளும் புலவர் மரபும் சைவ ஆசாரமும் அங்கே வேரூன்றியிருந்தன. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனெரிமார் 1823இல் ஒரு செமினரியைத் தொடங்கியிருந்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில் தமிழ் அறியாத ஓர் அந்நிய இளைஞனின் பேச்சுக்கு யார் செவிகொடுப்பார்? போதிக்க வந்தவர் முதலில் மாணாக்கனாக அமரவேண்டியிருந்தது. பெர்சிவல் அமர்ந்தார். இடையில் சில காலம் வங்காளத்தில் ஊழியம் செய்துவிட்டு மீண்டும் யாழ்ப்பாணத்துக்கே திரும்பினார். மிஷனின் ஆங்கிலப் பாடசாலை 1834இல் மத்திய பாடசாலை என்னும் பெயரைப் பெற்றது அவருடைய நாட்களிலேதான். இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அதன் தொடர்ச்சியே. பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்பப் பெற்றோர் தயங்கிய அக்காலத்தில், வேம்படிப் பெண்கள் பாடசாலை உருவாகவும் அவர் காரணமாயிருந்தார்.

ஒரே மேசையில் இருவர்

பெர்சிவலின் பாடசாலைக்கு நல்லூரிலிருந்து ஒரு சிறுவன் ஆங்கிலம் கற்க வந்தான். 1822இல் பிறந்த அந்தச் சிறுவனின் பெயர் ஆறுமுகம். கூர்மையான புத்தியுடையவனாகையால், வளர்ந்தபின் அதே பாடசாலையில் ஆசிரியரானான். பின்னாளில் திருவாவடுதுறை ஆதீனம் 'நாவலர்' என்னும் பட்டத்தை அளித்த ஆறுமுக நாவலர் அவரே.

அக்காலத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களின் கையில் பல வேத மொழிபெயர்ப்புகள் இருந்தன. ஃபப்ரீசியு ஐயர் 18ஆம் நூற்றாண்டில் செய்த மொழிபெயர்ப்பு தஞ்சாவூர், சென்னை லுத்தரன் சபைகளில் வேரூன்றியிருந்தது. ரேனியஸ் ஐயரின் புதிய ஏற்பாடு திருநெல்வேலியில் வழங்கிற்று. கற்றறிந்த தமிழர் குறைகூறாதபடி திருத்தமான நடையில், எல்லாச் சபைகளுக்கும் பொதுவான ஒரு வேதாகமம் வேண்டும் என்ற விருப்பம் எழுந்தது. யாழ்ப்பாணத்தில் அந்த வேலைக்குப் பெர்சிவல் தலைமை தாங்கினார். தமிழ் நடையைச் செப்பனிட அவர் தெரிந்துகொண்ட துணைவர் ஆறுமுகம்.

பிரியமானவர்களே, இதைச் சற்று எண்ணிப்பாருங்கள். ஆறுமுகம் ஞானஸ்நானம் பெற்றவர் அல்லர். சைவராகவே பிறந்து, சைவராகவே வாழ்ந்து, சைவராகவே மரித்தவர். ஆயினும் பரிசுத்த வேதாகமத்தின் ஒவ்வொரு வசனத்தையும் பெர்சிவலுடன் அமர்ந்து பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தமிழ் அறிவில் தம்மைவிடச் சிறந்தவன் தம் மாணவனே என்று ஒத்துக்கொள்ளும் தாழ்மை பெர்சிவலிடம் இருந்தது. தாம் ஏற்காத நூலாயினும் ஒப்புக்கொண்ட வேலையைப் பழுதில்லாமல் செய்யும் நேர்மை ஆறுமுகத்திடம் இருந்தது. மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டுசென்று, வித்துவான் மகாலிங்கையரிடம் காட்டி, நடை திருத்தமாயிருக்கிறதென்ற சான்றைப் பெற்றார்கள் என்று நாவலர் சரித்திரம் கூறுகிறது.

நாவலரே வேதாகமத்தை மொழிபெயர்த்தார் என்று சிலர் சொல்வதுண்டு. அவருக்கு அதில் பங்கேயில்லை என்று நம்மவரில் சிலர் மறுப்பதும் உண்டு. இரண்டும் சரியன்று. மூலத்தோடு ஒத்துப்பார்க்கும் பொறுப்பு பெர்சிவலையும் அவருடனிருந்த மிஷனெரிமாரையும் சார்ந்தது. தமிழ் நடையில் ஆறுமுகத்தின் கை இருந்தது. ஒருவரில்லாமல் மற்றவரால் அது முடிந்திராது.

இரண்டு இழப்புகள்

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுகம் தமது முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். அப்போதும் அவர் பெர்சிவலிடமே வேலை செய்துகொண்டிருந்தார். வாரந்தோறும் மேடையில் நின்று வசனத்தை விளக்கிப் பேசும் முறையை மெதடிஸ்து போதகர்களிடம் அருகிலிருந்து கண்டவர் அவர். 1848 செப்டம்பரில் பெர்சிவலைவிட்டு விலகிச் சைவப் பாடசாலையை வளர்ப்பதிலும், பின் சொந்த அச்சகம் நிறுவிச் சைவ நூல்களை அச்சிடுவதிலும் தம்மை ஒப்புக்கொடுத்தார். 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' என்னும் நூலை வெளியிட்டு, மிஷனெரிமாரின் கண்டனங்களுக்கு வேதாகமத்திலிருந்தே எடுத்துக்காட்டி மறுமொழி கூறினார். மொழிபெயர்ப்பு மேசையில் அவர் கற்ற வேத அறிவு, மிஷனெரிமாருக்கு எதிரான வாதத்துக்கே கருவியாயிற்று.

இது முதல் இழப்பு. இரண்டாவது இழப்பு சபைக்குள்ளிருந்தே வந்தது.

1850இல் யாழ்ப்பாண வேதாகமம் வெளிவந்தது. சபைகள் வாசித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லட்டும் என்பதனால், சோதனைப் பதிப்பு என்று பொருள்படும் பெயரே அதற்கு வழங்கப்பட்டது. அந்தச் சோதனையில் அது தேறவில்லை. தமிழ்நாட்டுச் சபைகள், சிறப்பாகத் திருநெல்வேலிப் பகுதியின் மிஷனெரிமாரும் விசுவாசிகளும், அதை ஏற்றுக்கொள்ள மறுத்தார்கள். பெற்றோர் வாயிலாகக் கேட்டு, ஜெபத்தில் சொல்லி, மரணப்படுக்கையில் ஆறுதலடைந்த வசனங்கள் வேறு வார்த்தைகளில் வந்தபோது அவர்களுடைய உள்ளம் ஒட்டவில்லை. அதை நாம் குறைகூற முடியாது. வேதவசனம் விசுவாசியின் நினைவிலே குடியிருப்பது. ஆனாலும் வாலிப வயதில் கடல் கடந்து வந்து, தமிழைக் கற்று, தம் பலத்தின் சிறந்த ஆண்டுகளை அந்த நூலுக்குச் செலவிட்ட ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய அடி!

24 ஆண்டு ஊழியத்தின் கணக்கை அன்றைக்கு ஒருவர் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பார்? தலைசிறந்த மாணவன் எதிரணியில். தலைசிறந்த படைப்பு ஏற்கப்படாத நிலையில். வரவைவிடச் செலவே மிகுதி என்றுதான் எழுதியிருப்பார்.

தமிழைவிட்டு விலகாதவர்

1850களின் தொடக்கத்தில் பெர்சிவல் யாழ்ப்பாணத்தைவிட்டு இங்கிலாந்துக்குச் சென்றார். அங்கே கான்டர்பரி நகரிலுள்ள புனித அகஸ்தீன் மிஷனெரிக் கல்லூரியில் இந்தியாவைப் பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவை 1854இல் நூலாக வந்தன. மெதடிஸ்து சங்கத்தைவிட்டு ஆங்கிலிக்கன் திருச்சபையில் சேர்ந்தார். அத்துடன் இங்கிலாந்திலேயே ஓர் ஆலயத்தில் போதகராக அமர்ந்து, எஞ்சிய நாட்களை அமைதியாகக் கழித்திருக்கலாம். ஆனால் அவர் மீண்டும் தமிழ் மண்ணுக்கே வந்தார். இம்முறை சென்னைக்கு.

1855இல் 'தினவர்த்தமானி' என்னும் வார இதழைத் தொடங்கினார். தமிழ் இதழியலின் தொடக்க முயற்சிகளில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் அதை மதிக்கிறார்கள். அந்த இதழுக்கு உதவியாக யாழ்ப்பாணத்திலிருந்து அவர் வரவழைத்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரான தாமோதரம்பிள்ளை, பிற்காலத்தில் கலித்தொகை உள்ளிட்ட பழந்தமிழ் நூல்களைச் சுவடிகளிலிருந்து மீட்டு அச்சேற்றினார். பெர்சிவல் மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதத்துக்கும் நாட்டு மொழிகளுக்கும் பேராசிரியராகப் பணியாற்றினார். தமிழுக்கும் தெலுங்குக்கும் ஆங்கில அகராதிகள் தொகுத்தார்.

இவற்றோடு இன்னொரு வேலையையும் அவர் விடவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்தபோதே தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி, 1840களின் தொடக்கத்தில் ஒரு தொகுப்பை வெளியிட்டிருந்தார். அதை வளர்த்துக்கொண்டே இருந்து, 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சிட்டார். அப்போது அவருக்கு 70 வயது கடந்திருந்தது. உழவரும் கிழவிகளும் வணிகரும் அன்றாடம் பேசும் சொற்களைக் காதுகொடுத்துக் கேட்பதற்கு ஒருவர் அந்த மக்களை நேசிக்கவேண்டும். 30 ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து கேட்பதற்கு அந்த நேசம் ஆழமாய் இருக்கவேண்டும்.

அவருடைய கடைசி நாட்கள் நம் மலையில் முடிந்தன. சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் 1820களில் காப்பிப் பயிரை இங்கே கொண்டுவந்தபின், சேர்வராயன் மலையில் ஆங்கிலேயர் குடியேற்றம் வளர்ந்தது. இன்றைய மோட்டார்ச் சாலை அன்று இல்லை. குதிரையின் மீதோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோதான் மேலே வரவேண்டும். பெர்சிவலின் மருமகனாகிய ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்லியலுக்கு அடித்தளமிட்டவர். அவரும் ஓய்வுபெற்றபின் ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912இல் கல்கத்தாவில் மரித்த அவருடைய அஸ்தி, நம் ஏற்காட்டுப் பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது.

ஆறுமுக நாவலர் 1879 டிசம்பர் 5ஆம் நாள் தமது 56ஆம் வயதில் மறைந்தார். மாணவன் மறைந்தபின்னும் ஆசிரியர் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருந்தார்.

நிலைத்துநின்ற ஒரு வார்த்தை

இப்போது, தொடக்கத்தில் சொன்ன கனிக்கு வருகிறேன்.

யாழ்ப்பாண மொழிபெயர்ப்பு ஏற்கப்படாமற்போனபின், பொது வேதாகமம் வேண்டும் என்ற தேவை அப்படியே இருந்தது. ஹென்றி பவர் ஐயர் தலைமையில் பல மிஷன்களையும் சேர்ந்த ஒரு குழு அந்த வேலையை மேற்கொண்டது. ஃபப்ரீசியுவின் மொழிபெயர்ப்பை அடிப்படையாக வைத்து, பின்வந்த உழைப்புகளையும் ஒப்புநோக்கித் திருத்தினார்கள். அது 1871இல் முழு வேதாகமமாக வெளிவந்தது. இன்று நம் வீடுகளில் உள்ள பழைய திருப்புதல் அதன் வழிவந்ததே.

ஃபப்ரீசியுவின் வேதாகமத்தில் சர்வவல்லவரைக் குறிக்கும் சொல் 'பராபரன்'. 1850இன் யாழ்ப்பாண வேதாகமம் அந்த இடத்தில் 'தேவன்' என்று வைத்தது. அது பல தெய்வங்களுக்கும் பொதுவாக வழங்கும் சொல்லாயிற்றே என்று பலர் தயங்கினார்கள். ஆனால் பவர் ஐயரின் குழு, பெர்சிவலின் புத்தகத்தை முழுமையாக ஏற்காவிட்டாலும், இந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டது. ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் நாம் 'தேவன்' என்று வாசிக்கிறோம். யோவான் சுவிசேஷத்தின் முதல் வசனத்திலும் அப்படியே. நம் தாய்மார் கண்ணீரோடு முழங்காலில் நின்று கூப்பிடும் சொல்லும் அதுவே. பிற்கால மொழிபெயர்ப்புகள் 'கடவுள்' என்ற சொல்லைத் தெரிந்துகொண்டாலும், ஒன்றரை நூற்றாண்டாகத் தமிழ்ச் சபைகளின் நாவில் இந்தச் சொல் தங்கிவிட்டது.

புத்தகம் ஒதுக்கப்பட்டது. ஆனால் புத்தகத்தின் மையச் சொல் தங்கிற்று. இதை யாரால் திட்டமிட்டிருக்க முடியும்?

பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நடுகிறவன் ஒருவன், நீர்ப்பாய்ச்சுகிறவன் வேறொருவன், விளைவைத் தருகிறவரோ தேவன் என்று அங்கே அவர் சொல்லுகிறார். நாம் அந்த வசனத்தை ஸ்தோத்திரக் கூட்டங்களில் மகிழ்ச்சியாக எடுத்துச் சொல்லுகிறோம். ஆனால் அதற்குள் ஒரு கடினமான சத்தியமும் உண்டு. நட்டவன் விளைவைக் காணாமலே போகலாம். அவனுடைய தோட்டம் வேறொருவனுடைய பெயரால் அழைக்கப்படலாம். அவன் நட்டதில் ஒரு கன்று மட்டுமே பிழைத்திருக்கலாம். அப்போதும் விளையச்செய்கிறவர் மாறாதவராகவே இருக்கிறார்.

நமக்குரிய பாடம்

அந்நிய நாட்டார் நமக்கு ஊழியரை அனுப்பிய காலம் மாறிற்று. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கமும், 1905இல் தேசிய மிஷனெரி சங்கமும் உருவானபின், தமிழ்ச் சபைகளே தங்கள் பிள்ளைகளைத் தூர இடங்களுக்கு அனுப்பத் தொடங்கின. இன்றும் நம் சபைகளிலிருந்து வாலிபரும் இளம் தம்பதியரும் ஒடிசாவுக்கும் ஜார்க்கண்டுக்கும் குஜராத்துக்கும் போகிறார்கள். தமிழை மட்டும் அறிந்தவர்களாய்ப் போய், ஒரு பழங்குடி மொழியின் முதல் எழுத்திலிருந்து கற்கிறார்கள்.

அவர்கள் விடுமுறைக்கு வரும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்?" என்பதே. எண்ணிக்கை குறைந்தால் காணிக்கையும் குறைகிறது. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு 1850இல் பெர்சிவலை அளந்திருந்தால், அவரைத் தாங்கிய கைகளை நாமும் விலக்கியிருப்போம். இனி வேறு கேள்விகளைக் கேட்போமாக. "அந்த மக்களின் பாஷை உங்களுக்கு வந்துவிட்டதா? அவர்கள் வீட்டில் உங்களுக்குச் சாப்பாடு போடுகிறார்களா? உங்கள் பிள்ளைகள் அங்கே யாரோடு விளையாடுகிறார்கள்? நாங்கள் எதற்காக ஜெபிக்கவேண்டும்?" இப்படிக் கேட்கும் சபையே ஊழியனைச் சோர்ந்துபோகாதபடி தாங்கும்.

தூரத்திலே பிள்ளைகளை விட்டிருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகனோ மகளோ கடிதத்தில் வெற்றிகளை எழுதாதிருந்தால் மனம் கலங்கவேண்டாம். சில ஆண்டுகள் கேட்பதற்கும் கற்பதற்குமே செலவாகும். அவை வீணான ஆண்டுகள் அல்ல.

நம் எல்லாருக்கும் இன்னொரு பாடமும் உண்டு. நமது மலையில் நமக்கு முன்பிருந்தே வாழும் மலையாளி மக்கள், சேர்வராயனைத் தங்கள் தெய்வமாக வணங்குகிறவர்கள். அவர்களோடு சந்தையிலும் பேருந்திலும் தோட்ட வேலையிலும் ஒன்றாயிருக்கிறோம். மாற்று விசுவாசமுள்ள ஒருவரின் அறிவையும் நேர்மையையும் மதித்து அவரோடு ஒரே மேசையில் அமர்வதனால் நம் விசுவாசம் குறைந்துபோகாது. பெர்சிவல் அப்படி அமர்ந்த மேசையிலிருந்துதான் நம் ஜெபத்தின் முதற்சொல் நமக்குக் கிடைத்தது. அவருடைய மாணவன் அவருக்குப் பின்செல்லவில்லை. ஆனாலும் அந்த மாணவனைப் படிப்பித்தது வீண் என்று எவர் சொல்லக்கூடும்?

இந்த வாரம் வேதத்தை வாசிக்கும்போது, 'தேவன்' என்ற சொல் வரும் இடத்தில் ஒரு கணம் நிற்போம். பெயர் தெரியாத எத்தனையோ பேருடைய உழைப்பின்மேல் நாம் நிற்கிறோம் என்பதை நினைத்து ஸ்தோத்திரம் செலுத்துவோம். தூரதேசத்தில் இன்று முதல் எழுத்தைக் கற்றுக்கொண்டிருக்கும் ஓர் இளம் ஊழியரின் பெயரைச் சொல்லி ஜெபிப்போம்.

விளையச்செய்கிற ஆண்டவரே, எங்கள் கண்ணுக்குக் கனி தெரியாத நாட்களிலும் உம்முடைய வயலைவிட்டு நாங்கள் விலகாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். நாங்கள் நட்டதில் எது நிலைக்கவேண்டும் என்பதை உம்முடைய கரத்திலே விட்டுவிடுகிறோம். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.